ஒரே ஒரு எதிர் ஓட்டு

யார் வேண்டும் என்று வாக்காளரைக் கேட்ட காலம் போய்விட்டது. இப்போது யார் வேண்டாம் என்று மட்டுமே ஓட்டுப் போடுகிறோம். எதிர் ஓட்டு குறைவாக வாங்குபவர் எம்.எல்.ஏ. இதனால் யோக்கியர்கள் வருவார்கள் என்று போராடி வாங்கிய முறை இது. வந்தவர்களோ ஒளியத் தெரிந்தவர்கள்.

எங்கள் வேட்பாளர் இன்பநாதன் போஸ்டர் ஒட்டவில்லை, பேசவில்லை, இரண்டு வருடமாக வாசற்படியே தாண்டவில்லை. உள்ளே உட்கார்ந்து மனைவி பூங்கோதையை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு ஆயிரக்கணக்கில் எதிர் ஓட்டு விழுந்தது. இவருக்கு ஒன்றே ஒன்று. கட்சிக்காரர்கள் மாலையோடு ஓடினோம். நாங்களே அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தோம். அந்த முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒண்ணுகூட விழுந்திருக்கக் கூடாதேய்யா! என்னைத்தான் ஊர்ல யாருக்குமே தெரியாதே. எந்த நாய்யா அந்த ஓட்டைப் போட்டுச்சு?" என்று கத்தினார்.



பூங்கோதை காபி டம்ளரை அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"உங்களைத் தெரிஞ்ச நாய்தாங்க."