கொஞ்சம் உப்பு இருக்கா?

பெண்டாட்டி தாயம்மா சாட்சிக்கூண்டில் ஏறப் போகிறாள் என்றதும் வீரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கொலை வழக்கு என்பதால் அல்ல. தன் வீட்டு மானம் கோலாலம்பூர்ப் பெரிய கோர்ட்டில், வெள்ளைக்கார ஜட்ஜ் முன்னால் கப்பலேறப் போகிறதே என்றுதான்.

பக்கத்து வீட்டுச் சன்னாசி, பெண்டாட்டி புஷ்பவள்ளியை அடித்தே கொன்றுவிட்டான். "கால் வழுக்கி விழுந்தா" என்று சாதிக்கிறான். சாட்சி என்று இருப்பது தாயம்மா ஒருத்திதான். அவள் சொல் நின்றால்தான் அவனுக்குத் தண்டனை.

ஆனால் அவளுக்குத் தோட்டத்து லயத்து வீடுகளில் 'கோப்பைக்காரி' என்று பட்டப்பெயர். பொழுது சாய்ந்தால் போதும், கோப்பையும் கையுமாகப் புஷ்பவள்ளி வாசலில் நிற்பாள். "கொஞ்சம் உப்பு இருக்கா?"

"வேலை வாங்குற மண்டோர் வீட்டுக்குச் சமமா சாமான் வாங்கிப் போடுறேன்லா! ஏன்டி என் மானத்த வாங்குற?" என்று வீரன் கத்தாத வாரமில்லை.

"அவ வீட்டு உப்பு ருசியா இருக்குய்யா" என்பாள்.

கோலசிலாங்கூர்த் தோட்டத்திலிருந்து லயத்து ஆட்களெல்லாம் லோரியில் வரும்போது வீரன்தான் பெரிதாகப் பேசினான். "பொம்பளைய அடிக்கிறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?"

கூண்டில் தாயம்மா கேட்டதையும் பார்த்ததையும் சொன்னாள். சாயங்காலம் நாலு மணி. மூன்று அடி விழுந்த சத்தம். பிறகு சன்னாசி விறகுக்கட்டையோடு வெளியே வந்தான்.

அவன் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்லத் தாயம்மா பதில் சொன்னாள்.

"தினமும் அந்த வீட்டில் இரவல் வாங்குவாயாமே?"

"ஆமாங்க."

"திருப்பிக் கொடுத்தது உண்டா?"

"காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பவே குடுத்துருவேன். அதே உப்புதாங்க."

கோர்ட்டே சிரித்தது. வீரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"சன்னாசி உன்னைத் திட்டி விரட்டினான் அல்லவா? அந்தக் கோபத்தில்தானே பொய்சாட்சி சொல்கிறாய்?"

"அந்தாளு என்னைய விரட்டணும்னுதாங்க நான் போறதே."

"என்ன?"

"கை ஓங்கிக்கிட்டுக் கத்துற சத்தம் கேட்டதும் கோப்பைய எடுத்துக்கிட்டு ஓடுவேன். என்னையத் திட்டித் தீக்குறதுக்குள்ள கோவம் எறங்கிரும். சும்மா போனா, 'ஊருக்கெல்லாம் சொன்னியாடி'ன்னு அவளுக்குத்தான் இன்னும் ரெண்டு விழும்."

சிரிப்பு நின்றுவிட்டது. வக்கீல் விடவில்லை.

"அப்படியானால் அன்றைக்கு ஏன் போகவில்லை?"

தாயம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அதுக்கு முந்துன வாரந்தான் சர்க்கார் உத்தரவுங்க. வீட்டுல சாமான் வச்சிருந்தா காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போயிருமாம். அரிசி, உப்பு, சாமான் எல்லாத்தையும் வீடு வீடா அள்ளிட்டாங்க. பொதுக் கொட்டாயிலதான் சமையல். ஒண்ணுமே இல்லாத வீட்டுல என்னத்தக் கேட்டுப் போவேன்? வெறுங் கோப்பைய வச்சிக்கிட்டு வாசல்லயே யோசிச்சு நின்னேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வேற என்னமாச்சும் கேட்டிருக்கலாம். பாவி, எனக்குத் தோணலையே!"

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். சன்னாசி இனித் தப்பமாட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

வீரனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவனிடம், "எம் பொண்டாட்டி!" என்றான்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இந்த யோசனையை உனக்கு யாரம்மா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலைங்க தொரை. எங்களுக்கு இன்னொரு பக்கத்து வீடு லெட்சுமி அக்கா. அது அடிக்கடி எங்க வீட்டுக்குத் தீப்பெட்டி கேட்டு ஓடி வரும். அதப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

லோரியில் வந்த அத்தனை பேரும் திரும்பி வீரனைப் பார்த்தார்கள்.