மேல் இறக்கை

"கையை ஏன் மாப்ள சட்டைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க? வெளிய எடுங்க" என்றார் சலாஹுதீன்.

அப்துல் ஜலீல் எடுத்தான். விரல்கள் நடுங்கின.

"யா அல்லாஹ்! கூத்தாநல்லூர்ல இருக்கிற பாரின் வாட்சையெல்லாம் பிரிச்சு மாட்டின கையா இது?"

"வாட்ச் வேற, இது வேற மச்சான்."

"என்ன வேற? ஷார்ஜாவுல பொம்மை ஏரோப்ளேன் செய்யிற கம்பெனி. உங்க மாதிரி கையைத்தான் தேடுறான். பேட்டரி வாட்ச் வந்ததிலேர்ந்து கடையில ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கீங்க. புள்ளைய நெனச்சுக்கிட்டு உள்ள போங்க."

பிள்ளையை நினைத்தான். சவூதியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவனைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்த ஷிஃபா, இந்தப் பெருநாளன்றுதான் முதன்முதலாக அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வரை நடந்தாள். அந்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மச்சானிடம் என்ன சொல்வது? குடியிருக்கிற வீடே அவர் தன் தங்கை கமருன்னிஸாவுக்குக் கட்டிக்கொடுத்தது. இந்த டெஸ்டுக்கு அலைந்து பெயர் கொடுத்ததும் அவர்தான். ஜலீல் உள்ளே போனான்.

திருவாரூர் லாட்ஜ் ஒன்றின் அறை அது. ஒரே மேசையில் மூன்று பேர். டெஸ்ட் வைக்க வந்திருந்த கிளாட்சன் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்தார்.

"ரெண்டு அடுக்கு இறக்கை வச்ச அந்தக் காலத்து விமானம். ரெண்டு மணி நேரம். படத்துல உள்ளபடி இருக்கணும். ஃபேன் போட மாட்டேன், சாமான் பறந்துடும்."

உடம்பும் கீழ் இறக்கையும் சுலபமாக ஒட்டிக்கொண்டன. மேல் இறக்கைதான் ஆளைக் கொன்றது. ஈர்க்கு நுனி போன்ற எட்டுக் குச்சிகளின் மேல் அது நிற்க வேண்டும். ஒன்றை நிறுத்தி அடுத்ததை எடுப்பதற்குள் முதல் குச்சி படுத்துக்கொள்ளும். பசை விரலில் பட்டால் குச்சி விரலோடு வந்துவிடும். பிறகு இரண்டு இறக்கையையும் இழுத்துக் கட்டுகிற நூல். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தொய்யும். அந்தப் பக்கம் இழுத்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும்.

'மடக்' என்றது பக்கத்தில்.

"இதுக்கு நாத்துப் பறிக்கப் போயிடலாம் சார்" என்று ஒடிந்த குச்சியை வைத்துவிட்டு எழுந்துபோனான் மன்னார்குடிக்காரன். ஜலீல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளாட்சனின் நிழல் மேசையில் விழுந்தது. ஜலீல் மூச்சை அடக்கிக்கொண்டான். வேர்வை இமையில் வந்து நின்றது. துடைக்கவும் பயம். அளவு மயிரிழை பிசகினாலும் எல்லாம் போச்சு.

"டயம் ஆச்சு."

இன்னொரு ஆள் பொம்மையை வைத்துவிட்டு வெளியே போனான். கிளாட்சன் இரும்பு ஸ்கேலோடு ஜலீலிடம் வந்தார்.

"மேல் இறக்கை இடப்பக்கமா சாஞ்சிருக்கே?"

"ஆமா சார். நமக்குப் பழக்கமில்லாத வேலை. வரல."

கிளாட்சன் ஒரு குச்சியை அளந்தார். மூன்று மில்லிமீட்டர் சாய்வு. அடுத்ததும் மூன்று. எட்டையும் அளந்தார். நூல்களை நகத்தால் சுண்டினார். ஒன்றுகூடத் தொய்யவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியாதவன் செஞ்சா ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா கோணும். எட்டும் ஒரே அளவுல கோணணும்னா, நேரா நிறுத்துறதைவிடக் கஷ்டமாச்சே. வேணும்னேதானே செஞ்சீங்க?"

ஜலீல் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"மறுபடியும் புள்ளைய விட்டுட்டு என்னால போக முடியாது சார். வெளிய எங்க மச்சான் நிக்கிறாங்க. அவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க."

"சேச்சே, அதை நான் ஏன் சொல்றேன்?" என்று கதவைத் திறந்தார் கிளாட்சன். "நீங்க பாஸ்னு மட்டும்தான் சொல்லப்போறேன்."