ஞாயிற்றுக்கிழமைக் கோழி

“இன்னைக்கு அந்தக் கோழி சிமியு கைக்குப் போகக் கூடாது,” என்றார் பாஸ்டர் வாஃபுலா.

ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் ஏலம் தொடங்கும் நேரம். ஏலம் போடும் மூப்பர் பராசா தலையைச் சொறிந்தார்.

“யாரு பாஸ்டர் எதிர்த்துக் கேப்பாங்க? ஊர்ல பாதிப் பேருக்கு அவர் ஓட்டல்ல பாக்கி இருக்கு.”

“அந்தத் தைரியம்தானே அவருக்கு? கேக்க ஆளில்லேன்னு அடிமாட்டு விலைக்கு எடுத்துட்டுப் போறார்.”

பாஸ்டருக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். காசாகக் காணிக்கை போட முடிந்தவர்கள் அந்தச் சபையில் குறைவு. மற்றவர்கள் சோளம், வாழைத்தார், முட்டை என்று கையில் இருப்பதைக் கொண்டு வருவார்கள். அது ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதுதான் அவருடைய சம்பளம். பல மாதமாக அது உப்புக்கும் சோப்புக்குமே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. புங்கோமா டவுனில் மச்சான் ஒரு கிடங்கு வேலை பார்த்து வைத்துவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். போய்த் தொலையலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

நெகேசா கணவனை இழந்தவள். அடுத்தவர் கரும்புக் காட்டில் களையெடுத்துப் பிழைக்கிறாள். அவளே வாரம் தவறாமல் ஒரு கோழி கொண்டு வருகிறாள். கோழி வளர்ப்பில் அவளுக்கு ராசியான கை என்று ஊரே சொல்லும். அந்தக் கோழியைத்தான் சிமியு வாரம் தவறாமல் தட்டிக்கொண்டு போகிறார். மறுநாள் அவர் ஓட்டலில் கோழிக் குழம்பு மணக்கும். ஆண்டவருக்கு வந்த கோழியில் லாபம் பார்க்கிற மனுஷன்!

பராசா கோழியைத் தூக்கிக் காட்டினார். ஊரில் மேய்கிற எல்லாக் கோழியையும் போல அதுவும் ஒரு பழுப்புக் கோழி.

“முந்நூறு ஷில்லிங்,” என்றார் சிமியு, வழக்கம்போல.

“நானூறு,” என்றார் பராசாவே.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிமியு திகைத்துப்போய், “ஐநூறு” என்றார்.

“நாங்க எல்லாரும் சேர்ந்து எழுநூறு,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “கோழி பாஸ்டருக்கு. அவருக்கும் நாம ஏதாவது செய்யணுமில்ல.”

சிமியு சட்டைப் பையைத் துழாவினார். பிறகு எழுந்து பாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாஸ்டர், இதை மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க. நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணு உங்க வீட்டுக்கு அனுப்பறேன்.”

“ஏன் சிமியு, நாளைக்குக் குழம்பு வைக்க வேற கோழி கிடைக்கலியா?”

சபை சிரித்தது. சிமியு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெகேசா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். அப்புறம் தொப்பியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வீட்டில் ரூத் கோழியை உரிக்கும்போதே பேசிக்கொண்டிருந்தாள்.

“கல்யாண வீட்டு மணம் அடிக்கப்போகுது நம்ம வீட்ல. பாவம், இதுக்கு வலது கால்ல ஒரு விரல் இல்லீங்க.”

பொழுது சாயும் நேரத்தில் உகாலி என்கிற சோளக்களியும் குழம்பும் தட்டுக்கு வந்தன. குடும்பத் தலைவனுக்கு என்று எடுத்து வைத்த இரைப்பையைப் பாஸ்டர் மெதுவாக மென்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மனசு நிறைந்திருந்தது. தன்னையும் நினைத்துப் பார்க்கிற சபைதான் என்று பட்டது.

“ரூத், நான் வரலேன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு. இங்கேயே இருந்துடலாம்.”

“நெசமாவா சொல்றீங்க?”

“நெசமாத்தான்.”

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நெகேசா. கோழியைச் சுற்றிக் கொண்டுவந்த துணி, வெறுந்துணியாக அவள் கையில் இருந்தது.

“வா நெகேசா, வந்து உக்காரு. உன் கைராசியை ஊரே பேசுது,” என்றார் பாஸ்டர்.

“இருக்கட்டும் பாஸ்டர். இருட்டப்போகுது. கோழியைப் புடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எந்தக் கோழியை?”

“காலையில நீங்க எடுத்ததைத்தான். சிமியு அண்ணனா இருந்தா இந்நேரம் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருப்பாரு. உங்களுக்கு வேலை இருக்கும்னு நானே வந்துட்டேன்.”

“கொண்டாந்து விடுவாரா? வாரா வாரமா?”

“ஆமா பாஸ்டர். யாருக்கும் சொல்லாதேம்பாரு. என்கிட்ட இருக்கிறதே அந்த விரல் இல்லாத கோழி ஒண்ணுதான். அதைத்தானே ஒவ்வொரு ஞாயிறும் தூக்கிட்டு வர்றேன்.”

ரூத் தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டருக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போதுதான் நெகேசாவின் பார்வை தட்டில் கிடந்த எலும்பின் மேல் விழுந்தது. அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள்.

“பரவால்ல பாஸ்டர், நீங்க சாப்பிடுங்க,” என்றாள். “ஆனா அடுத்த ஞாயிறு உங்க சம்பளத்துக்கு நான் எதைக் கொண்டாருவேன்?”