மூன்று வரிசைக் குமிழிகள்

கண்ணாடித் தொட்டியில் பன்னிரண்டாவது ஃபில்டரை இறக்கினாள் டெஸ்டிங் ஷாரோன்.

மற்ற பதினொன்றும் தேறிவிட்டன. பன்னிரண்டுமே நான் நிரப்பியவை.

தறிக்காரர் வீட்டு இந்திராணிக்குக் கம்பெனி வேலை என்ன தெரியும் என்று கேட்டவர்கள் வந்து பார்க்கட்டும். வெண்கலப் பொடியை அச்சில் கொட்டி, பக்கவாட்டில் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். அமுக்கக் கூடாது. சூளையில் அது உருகிவிடவும் கூடாது. பொடியும் பொடியும் தொட்ட இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் காற்று போகும், தூசி நிற்கும். எட்டு வருஷமாக என் கை தட்டியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆர்டர் கொடுக்க வந்திருந்த பூவராகவன் சார், நெற்றியில் திருமண்ணோடு தொட்டியருகே குனிந்திருந்தார்.

ஷாரோன் ஃபில்டருக்குள் காற்றை ஏற்றினாள். குமிழி எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்ல ஃபில்டர்.

காற்றழுத்தம் காட்டும் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. குமிழி கிளம்பிவிட்டது.

ஒன்றல்ல, மூன்று வரிசை. ஒன்றன்கீழ் ஒன்றாக, படுக்கையாகக் கோடு போட்ட மாதிரி.



"ஒண்ணு போனா பரவால்லமா. ஏன் போச்சுன்னு தெரியாம நான் கையெழுத்து போட முடியாது," என்றார் பூவராகவன் சார்.

ஷாரோன் சூளையைச் சந்தேகப்பட்டாள். சூளை பார்க்கும் உமாபதி அண்ணன் முகம் செத்துப்போனது.

நான் பேசாமல் இருந்தால் பழி அவர் தலையில் விழும், ஆர்டரும் போகும். பேசினால் எட்டு வருஷமாகச் சேர்த்த என் பேர் போகும்.

தொட்டியின் கண்ணாடிமேல் என் வலது கையின் மூன்று விரல்களைப் படுக்கையாக வைத்தேன். விரலுக்கொரு வரிசை. அப்படியே பொருந்தியது.

"எங்க வூட்ல புதுப் பாவு ஏத்துனாலே தறிக்கு விபூதி வெப்போம் சார். இது மட்டும் புது அச்சு. வெளிய போட்டா ஷாரோன் திட்டும்னு உள்ள பட்டை போட்டுட்டேன். விபூதி பட்ட எடத்துல பொடி ஒட்டல."

அவர் தன் நெற்றித் திருமண்ணைத் தொட்டுக் காட்டினார். தன் தெரு ஆள் நிரப்பியிருந்தால் குமிழி நெட்டுக்குத்தாக வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உமாபதி அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

எனக்கும் வெட்கம் போய்ச் சிரிப்பு வந்தது.

சாமியை வேண்டிக்கொண்டு நிரப்பியது அந்த ஒன்றுதான். தேறிய பதினொன்றும் வெறும் என் கை.