ஒத்திகையில் தவறிய வசனம்
காலையில் ரஜீவ் தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுப்பு அணையாதபடி ஒரு கட்டையைத் தள்ளி வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்துக்கு நடக்கிறான். பழைய நாவலொன்று அங்கே நாடகமாகிறது. பட்டினியோடு பிள்ளைகளை வளர்க்கும் தாயாக நடிக்கவிருந்தவள் அவன் மனைவி யசோதினி. அவள் இறந்த பிறகு அந்த வேஷம் நாடகக் குழுவிலுள்ள சிவசக்திக்கு. சன்னலில் நுழையும் பனிமூட்டத்தில், அவன் கொடுத்த யசோதினியின் சேலையை உடுத்திச் சிவசக்தி நிற்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் தாய் "போறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். சிவசக்திக்குப் பழக்கத்தில் வாய் தவறுகிறது: "போயிட்டு வாறேன்." நாடகம் பழக்கும் மாடசாமி தலையில் அடித்துக்கொள்கிறார். "அடியேய், சாகப்போறவ எங்கடி திரும்பி வாறது?" எல்லோரும் சிரிக்கிறார்கள். திரைக்கயிற்றைப் பிடித்திருக்கும் ரஜீவ், "அப்படியே இருக்கட்டும்ணே" என்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போக லொறியில் ஏறும்போது யசோதினி சொன்னதும் அதுதான்: "போயிட்டு வாறேங்க. அடுப்ப அணைச்சிறாதீங்க."