ஒயர் போகிற அளவு

அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டின் கூடத்தைப் பலகையால் மறிக்க வந்திருந்தான் செல்லையா. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மீட்டர். அண்ணன் பக்கத்துப் பிளக்கில் பலகை வெட்டும் மெஷினையும் தூசி உறிஞ்சும் மெஷினையும் சேர்த்துப் போட்டால் கரண்ட் பட்டென்று போய்விடுகிறது. உறிஞ்சாமல் வெட்டினால் அண்ணனுக்கு இளைப்பு வந்துவிடும்.

"சின்னவர் பக்கத்துல ஒரு லைன் கேக்கட்டுமா, அண்ணாச்சி?"

"அவன் கரண்டு இங்க வரப்பிடாது."

சொல்லி வாய் மூடவில்லை, கடைசிப் பலகைக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு ஒயர் தரையோடு நீண்டு வந்தது. நீட்டிய கை உடனே பின்வாங்கிக்கொண்டது. அண்ணன் மூக்கைத் துண்டால் பொத்தியபடி ஜன்னலைப் பார்த்தார். செல்லையா என்ன செய்வதென்று புரியாமல், கடைசியில் உறிஞ்சும் மெஷினை அந்த ஒயரில் செருகினான். இரண்டும் சேர்ந்து ஓடின.

சாயங்காலம் கடைசிப் பலகையைத் தூக்கி நிறுத்தியபோது ஒயர் இடித்தது.

"வேல முடிஞ்சிட்டு. கழட்டிரச் சொல்லட்டுமா?"

அண்ணன் செல்லையாவின் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குனிந்து, பலகையின் அடியோரத்தில் ஒரு அரைவட்டம் வரைந்தார்.

செல்லையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒயருக்கு இவ்வளவு ஓட்டை வேண்டாமே, அண்ணாச்சி."

அவர் விரலை எச்சிலில் தொட்டுக் கோட்டை அழித்தார். பிறகு இன்னும் பெரிதாக வரைந்தார்.