கோயில் முடி

மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் கிள்ளான் பாலர் பள்ளிக்குள் பரவி நிற்கிறது. குமுதா டீச்சரின் மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்று இயற்கை, மற்றது செயற்கை. கிளிஞ்சலும் ரப்பர் விதையும் ஒரு தட்டுக்கும், பிளாஸ்டிக் கரண்டி மறு தட்டுக்கும் போய்விட்டன. மிச்சம் இருப்பது டீச்சர் தன் கொண்டையிலிருந்து கழற்றி வைத்த சவுரிமுடி. “கோயில் முடிதான் டீச்சர், ஒரிஜினல்லா,” என்று சொல்லித்தான் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் போன வாரம் விற்றார். “செயற்கை! கடையில வாங்கினது,” என்கிறான் குரு. “இல்லலா, யாரோ தலையில முளைச்சது,” என்கிறாள் கௌசல்யா. ஆளுக்கு ஓர் இழை கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து நுனியை வெட்டுகிறார். சரக். கடைசி வரிசையில், ஜன்னலைப் பார்த்தபடி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தாமரை, “ஆ!” என்கிறாள். நேர்த்திக்கடனுக்காகத் தைப்பூசத்தில் மொட்டை போட்ட பிள்ளை. மாதங்கள் ஆகியும் அந்தத் தலையில் பூனைமயிர்கூட எழும்பவில்லை. “என்னம்மா ஆச்சு?” “வலிக்குது டீச்சர்.” அவள் திரும்பவே இல்லை. மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தரிக்கோலை ஓசைப்படாமல் கீழே வைக்கிறார். சவுரியை மேசைக்கு அடியில் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, லேசாக இழுத்துப் பார்க்கிறார். ஜன்னலோரத்தில் அந்த மொட்டைத் தலை மெல்லப் பின்னால் சாய்கிறது.